புகைக்கும் தூசுக்கும் எந்தக் கந்தோர்? வன்னிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

போன மாரி தொடங்க முன்னம், முழங்காவில் பக்கம் தகப்பனின் பழைய வளவைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்த ஒருவர் என்னைத் தேடி வந்தார். அமெரிக்காவில், கொலராடோவில் மகளோடு நாலு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். தேத்தண்ணி ஆறுவதற்குள் கேள்வி வந்துவிட்டது.

"அண்ணை, மன்னார்க் கடலில எண்ணெய் தோண்டுற கதை திரும்பவும் வருது. எங்கட பிரதேச சபையால அதை மறிக்க ஏலாதோ?"

"ஏலாது."

"அங்க மகளின்ர ஊர்ச் சபை கேள்வி கேக்குமே. துளைக்கிற இடத்தைத் தள்ளி வை எண்டு சொல்லுமே."

அவர் சொன்னது சரிதான். கொலராடோ மாநிலம் 2019இல் கொண்டுவந்த சட்டம், எண்ணெய், எரிவாயுக் கிணறுகளை எங்கே தோண்டலாம் என்பதில் அங்குள்ள கவுண்டிகளுக்கும் நகரங்களுக்கும் அதிகாரம் கொடுத்தது. அடுத்த வருஷம், வீடுகளில் இருந்து 2,000 அடி தள்ளித்தான் துளைக்க வேண்டும் என்று மாநில ஆணைக்குழு விதி போட்டது, சில விலக்குகளோடு. ஆனால் அது அந்த மாநிலத்துச் சட்டம். எங்கள் சட்டம் அதிகாரத்தை வேறு மாதிரிப் பங்கிட்டு வைத்திருக்கிறது.

எழும்பிப் போகிற நேரத்தில் அவர் இன்னொன்றைச் சொன்னார். "அது கிடக்கட்டும். பக்கத்து அரிசி ஆலையின்ர சாம்பல் கிணத்துக்குள்ள விழுது. அதுக்கு ஆரிட்டப் போறது?"

இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. கடலில் துளைப்பதைப் பற்றி ஊரே கதைக்கும். வேலிக்கு அங்கால் உரிமம் முடிந்த ஆலை ஓடுவதை ஒருவரும் போய்ப் பார்ப்பதில்லை. பிரதேச சபையின் அதிகாரம் சின்னது, ஆனால் அது உண்மையான அதிகாரம். அது ஒரு தாளில் இருக்கிறது. அந்தத் தாளை எப்படித் தேடிப் பிடிப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை. எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளராக இருந்து பெட்டிசம் எழுதிப் பழகியவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை.

கடலா, கல்லா, ஆலையா

முதல் வேலை, உங்கள் பிரச்சினை எந்தக் கையில் இருக்கிறது என்று பிரிப்பது. இதைப் பிழையாகப் பிரித்தால் மற்றதெல்லாம் வீண்.

எண்ணெயும் எரிவாயுவும் கொழும்பின் கையில். 1987இல் வந்த 13ஆம் திருத்தத்தில் அதிகாரங்களை மூன்று நிரல்களாகப் பிரித்தார்கள். எண்ணெய் வயல்களும் கனிய எண்ணெய் வளங்களும் மத்திய அரசுக்கு ஒதுக்கிய நிரலில் இருக்கின்றன. மாகாண சபைக்கே இல்லாத அதிகாரம் அதற்குக் கீழே இருக்கிற பிரதேச சபைக்கு எப்படி வரும்? இப்போது நடைமுறையில் இருப்பது 2021ஆம் ஆண்டின் பெற்றோலிய வளங்கள் சட்டம். அனுமதி கொடுப்பது, ஒப்பந்தம் செய்வது எல்லாம் பெற்றோலிய அபிவிருத்தி அதிகாரசபை வழியாகத்தான்.

எண்ணெய்க் கதை இந்தப் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. 1974இல் சோவியத் உதவியோடு மன்னார்த் தீவின் பேசாலையில் கிணறு துளைத்துப் பார்த்தார்கள், விற்கிற அளவுக்கு ஒன்றும் வரவில்லை. 2011இல் கெயான் லங்கா நிறுவனம் ஜப்பானின் சிக்கியூ என்ற துளைக்கும் கப்பலைக் கொண்டுவந்து, 1,354 மீட்டர் ஆழக் கடலுக்கு அடியில் எரிவாயு இருப்பதைக் கண்டது. டொராடோ என்று அந்தக் கிணற்றுக்குப் பெயர். அதற்குப் பிறகு பரக்குடா என்று இன்னொன்று. 2015இல் அந்த நிறுவனம் விட்டுவிட்டுப் போய்விட்டது. அத்தனை ஆழக் கடலில் நடப்பதன் புகை உங்கள் முற்றத்துக்கு வந்து சேராது. எரிவாயுவைக் கரைக்குக் கொண்டுவருகிற நாள் வந்தால்தான் காற்றின் கதை தொடங்கும். குழாய், அமுக்கி இயந்திரம், டீசல் ஜெனரேற்றர், மிஞ்சுகிற வாயுவை எரிக்கிற தீக்கோபுரம் என்று எல்லாம் தரையில் நிற்கும். கட்டட அனுமதி, வீதி, வியாபார உரிமம் என்று பிரதேச சபையிடம் வரவேண்டிய வேலை அப்போது இருக்கும்.

அதற்கு முன்னமே உங்களுக்கு ஒரு வாசல் இருக்கிறது. கடலடி அகழ்வு போன்ற பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். அறிக்கை வந்தால் அறிவித்தல் போடுவார்கள். அன்றிலிருந்து 30 நாளுக்குள் யாரும் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். நீங்களும் எழுதலாம், சபையும் தீர்மானம் போட்டு அனுப்பலாம். தீர்மானம் போட்டால் துளைப்பு நின்றுவிடாது, ஆனால் கோப்பில் ஏறும். கோப்பில் ஏறாத ஆட்சேபணையைப் பிறகு நீதிமன்றத்தில் காட்டுவது கஷ்டம். 2025 ஆகஸ்டில் காற்றாலைக்கும் இல்மனைற் மண் அகழ்வுக்கும் எதிராக மன்னாரில் சனம் வீதிக்கு வந்ததை எல்லாரும் பார்த்தோம். வீதிக்கு வருவதும் வேண்டும். ஆனால் 30 நாளுக்குள் போகிற கடிதத்தின் வேலையை வீதி செய்யாது.

அடுத்தது கல், மண், கிரவல். வவுனியாப் பக்கம் கருங்கல், மன்னார்ப் பக்கம் சுண்ணாம்புக்கல், எல்லா இடத்திலும் கிரவல். அகழ்வு அனுமதிப்பத்திரம் கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம். அந்தப் பத்திரம் மட்டும் போதாது, சுற்றாடல் பாதுகாப்பு உரிமமும் வேண்டும். இந்த இரண்டாவது தாள்தான் நான் சொல்ல வந்தது.

தேசிய சுற்றாடல் சட்டம் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கம். 1988இல் அதைத் திருத்தி, காற்றிலோ நீரிலோ நிலத்திலோ கழிவைக் கலக்கிற தொழில் எதற்கும் உரிமம் வேண்டும் என்றார்கள். 2008 ஜனவரியில் வந்த வர்த்தமானி அந்தத் தொழில்களை ஏ, பீ, சீ என்று மூன்று பட்டியலாக்கியது. ஏ பட்டியலும் பீ பட்டியலும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம். சீ பட்டியல் உங்கள் பிரதேச சபையிடம்.

2008ஆம் ஆண்டுச் சீ பட்டியலில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். பெற்றோல், டீசல் நிரப்பு நிலையம் அதில் இருக்கிறது. எண்ணெய்க்கும் உள்ளூராட்சிக்கும் உள்ள நேரடித் தொடர்பு கடலில் இல்லை, சந்தியில் இருக்கிறது. பவுசர் வந்து நிலக்கீழ்த் தாங்கிக்கு இறக்குகிற நேரம் மூக்கில் ஏறுகிற மணத்தில் பென்சீன் இருக்கிறது, புற்றுநோய் தரக்கூடிய ஆவி. அதைவிட, சீமெந்துக் கல் அரிகிற இயந்திரம், ஓட்டுச் சூளை, செங்கல் சூளை, நாளுக்கு 20 தொன்னுக்குக் குறைந்த சுண்ணாம்புச் சூளை, சிறிய மர ஆலை, வர்ணம் விசிறாத வாகனத் திருத்தகம், அவிக்காத நெல்லைக் குற்றுகிற ஆலை. வெடி வைத்துக் கல் உடைக்கிற இடமும் உண்டு: ஒரு நேரத்தில் ஒரு துளை மட்டும் வெடிக்க வைத்து, மாதத்துக்கு 600 கன மீட்டருக்குக் குறைவாக எடுத்தால் அது சபையின் பொறுப்பு. பட்டியல் இடைக்கிடை திருத்தப்படுவதால், "இந்தத் தொழில் இன்றைக்கு எந்தப் பட்டியலில்?" என்பதையே உங்கள் முதல் கேள்வியாக எழுதிக் கேளுங்கள்.

கொலராடோக்காரரிடம் நான் திருப்பிக் கேட்டது இதைத்தான்: "ஆலையில நெல்லு அவிக்கிறவையோ, பச்சையாக் குத்துறவையோ?" அவிக்கிறார்கள். உமியை எரித்து நீராவி எடுக்கிறார்கள். சாம்பல் அங்கிருந்துதான். அப்படியென்றால் அது பிரதேச சபையில் இல்லை, மத்திய சுற்றாடல் அதிகாரசபையில். ஒரே சுவருக்குள் இரண்டு ஆலை இருந்தால் இரண்டு கந்தோர். கேட்கப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும், ஆனால் இதைத் தெரியாமல் நான் ஒருக்கால் ஆறு இடத்துக்கு ஒரே கடிதத்தை அனுப்பி, ஆறு இடத்திலும் "உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது" என்ற பதிலை வாங்கினேன். ஒவ்வொருவரும் மற்றவருக்கு அனுப்பியிருந்தார்கள். ஒன்பது மாதம் அதில் போனது.

குழாய்க்கிணறு அடிக்கிற இயந்திரம் வந்தால் பெட்டிசம் எழுதாதேங்கோ. வெள்ளை மா கொட்டினமாதிரித் தூசு எழும்பும், உண்மைதான், ஆனால் பொதுவாக ஒன்றிரண்டு நாள் வேலை. தண்ணீர் விட்டுத் துளைக்கச் சொல்லுங்கள், உடுப்பை உள்ளே எடுங்கள், குழந்தைகளை மாமி வீட்டுக்கு அனுப்புங்கள். அயலவரோடு கோபப்படுவதற்கு வன்னியில் வேறு காரணங்கள் போதுமானது இருக்கிறது.

காற்றின் பெயரையும் எழுதுங்கள்

கடிதத்துக்கு முன்னம் கொப்பி. ஒரு எண்பது பக்கக் கொப்பி வாங்கி இரண்டு கிழமையாவது எழுதுங்கள். திகதி, நேரம், என்ன வந்தது, எவ்வளவு நேரம் வந்தது. டிப்பர் என்றால் எத்தனை, படங்கு போட்டு மூடியதா இல்லையா, வாகன இலக்கம். வெடி என்றால் எத்தனை தரம்.

கூடவே காற்று. சோழகம் பெயர்ந்த வைகாசி முதல் புரட்டாதி வரை காற்று தென்மேற்கில் இருந்து வரும். வாடை பிடித்தால் வடகிழக்கில் இருந்து. உங்கள் வீடு ஆலைக்கு வடகிழக்கில் இருந்தால் சோழகத்தில்தான் வேதனை. கார்த்திகையில் பரிசோதனைக்கு வருகிற உத்தியோகத்தர் உங்கள் முற்றத்தில் நின்று, "ஒரு தூசையும் காணேல்லையே ஐயா" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. காற்று மாறிவிட்டது. கொப்பியில் காற்றின் பெயர் இருந்தால் அந்த நாளிலும் உங்களிடம் பதில் இருக்கும்.

எங்கள் ஊரில் ஒரு அக்கா செய்ததைப் பாருங்கள். குளியலறைக்கு வாங்கி மிஞ்சின வெள்ளை ஓடு ஒன்றைக் கோழிக்கூட்டுக்கு மேலே வைத்தார். காலை ஆறு மணிக்குத் துடைத்து வைப்பார், அடுத்த காலை ஆறு மணிக்கு விரலால் ஒரு கோடு இழுத்துப் படம் எடுப்பார். பக்கத்தில் அன்றைய பத்திரிகை. பதினான்கு நாளுக்குப் பதினான்கு படம். ஞாயிறுகளில் கோடு தெரியவே இல்லை, ஏனென்றால் ஞாயிறு ஆலை ஓடாது. இது விஞ்ஞானம் இல்லை, நீதிமன்றத்தில் அளவீடாக நிற்காது. ஆனால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

உண்மையான அளவீடு வேறு. 2008இல் திருத்திய எங்கள் வெளிக்காற்றுத் தரத்தின்படி, 24 மணி நேரச் சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றில் பீ.எம். 10 என்கிற தூசு 100 மைக்ரோகிராமையும் பீ.எம். 2.5 என்கிற நுண்தூசு 50 மைக்ரோகிராமையும் தாண்டக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன அளவு 45, 15. எங்கள் சட்டம் எவ்வளவு தாராளம் என்று இதில் தெரியும். மூக்கில் தடக்குகிற தூசைவிடக் கண்ணுக்குத் தெரியாத நுண்தூசு கூடாதது. நெஞ்சுக்குள் ஆழமாகப் போவது அதுதான். கல் உடைக்கிற இடத்துத் தூசில் சிலிக்கா இருப்பதால் அங்கே வேலை செய்கிற பெடியளுக்கு ஆபத்து உங்களைவிடக் கூட. முறைப்பாட்டில் அவர்களையும் எழுதுங்கள். அவர்களுடைய வேலைக்கு உலை வைக்கிறீர்கள் என்று ஊரில் கதை கிளம்பும், அப்போது அந்த வரி உதவும்.

எல்லாப் புகைக்கும் பக்கத்து ஆலை காரணம் இல்லை. 2022 மார்கழியில் மண்டூஸ் புயல் வந்த நேரம், இந்தியாப் பக்கமிருந்து வந்த மாசு வடக்கு முழுவதையும் மூடியது. மார்கழி 9ஆம் திகதி நாட்டில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். குளிரில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் மாடுகள் செத்ததும் அந்த நாட்களில்தான். அப்படியான நாளின் மூட்டத்தை ஆலைக்காரர் தலையில் கட்டினால் உங்கள் கொப்பி முழுவதும் பொய் என்று சொல்ல அவருக்கு வழி கிடைத்துவிடும். அந்த நாட்களைத் தனியாகக் குறித்து விட்டுவிடுங்கள்.

உரிமத்தைக் கண்ணால் பாருங்கள்

இப்போது தாள். சபைக்குப் போய்ச் செயலாளரையோ சுற்றாடல் உரிமம் பார்க்கிற உத்தியோகத்தரையோ சந்தித்து, "இந்த இடத்துக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் இருக்கிறதா, எப்போது முடிகிறது, நிபந்தனைகள் என்ன?" என்று கேளுங்கள். வியாபார உரிமத்தைக் காட்டி அனுப்பப் பார்ப்பார்கள். அது வேறு தாள், வருஷா வருஷம் கட்டணம் கட்டி எடுப்பது. உங்களுக்கு வேண்டியது நிபந்தனைகள் எழுதிய தாள். எத்தனை மணிக்கு ஓடலாம், தண்ணீர் தெளிக்க வேண்டுமா, தூசு தடுக்கிற மறைப்பு எவ்வளவு உயரம், வேலியோரம் மரம் வைக்க வேண்டுமா என்றெல்லாம் அதில் இருக்கும். ஏ பட்டியல் உரிமம் ஒரு வருஷம், பீ, சீ பட்டியல் உரிமங்கள் மூன்று வருஷம் என்பது 2008ஆம் ஆண்டு ஒழுங்கு.

வாயால் கேட்டுக் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். ஒவ்வொரு சபையிலும் தகவல் உத்தியோகத்தர் இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் காரணம் சொல்லத் தேவையில்லை. "ஏன் கேக்கிறீங்கள்?" என்றால் சிரித்துவிட்டு நிற்கலாம். கொடுத்ததற்கு எழுத்தில் பற்றுச்சீட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு, அங்கேயும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பில் இருக்கிற ஆணைக்குழு.

திரும்பி வந்தவர்கள் ஒரு இடத்தில் தடக்குவார்கள். இந்தச் சட்டம் இலங்கைப் பிரஜைகளுக்கு. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருப்பவர் கேட்க முடியாது. இரட்டைப் பிரஜாவுரிமை இருந்தால் கேட்கலாம். இல்லாவிட்டால் சங்கத்தின் பெயரில் கேளுங்கள்: அங்கத்தவர்களில் நாலில் மூன்று பங்கு பிரஜைகளாக இருந்தால் அமைப்பும் கேட்கலாம். எங்கள் கொலராடோக்காரருக்கு நாங்கள் செய்தது அதுதான்.

என்ன கேட்பது என்பதில் கவனம். "ஆலை பற்றிய எல்லாத் தகவலும்" என்று எழுதினால் ஒன்றும் வராது. இப்படி எழுதுங்கள்:

"(1) மேற்படி இடத்தில் இயங்கும் ஆலைக்கு வழங்கப்பட்ட சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தின் நிபந்தனைகள் உட்பட்ட முழுப் பிரதி. (2) உரிமம் வழங்குமுன் செய்த களப் பரிசோதனை அறிக்கையின் பிரதி. (3) கடந்த மூன்று வருடங்களில் கிடைத்த முறைப்பாடுகளின் எண்ணிக்கையும் ஒவ்வொன்றுக்கும் எடுத்த நடவடிக்கையும்."

மூன்று கேள்வி போதும். இரண்டாவது கேள்விதான் சுடும். சில நேரம் அந்த அறிக்கையில் "அண்மையில் குடியிருப்புகள் இல்லை" என்று இருக்கும். நீங்கள் அப்போது முகாமிலோ வெளியூரிலோ இருந்திருப்பீர்கள். மீள்குடியேற்றத்துக்கு முன்னம் எழுதிய அறிக்கை, ஆட்கள் வந்த பிறகும் மாறாமல் புதுப்பிக்கப்படுவது வன்னியில் நடக்கக்கூடியது. அதைக் கண்டால் கடிதத்தின் முதல் வரி அதுவாக இருக்கட்டும்.

கடிதம்

தமிழில் எழுதுங்கள். வடக்கில் நிருவாக மொழி தமிழ். கொழும்பில் இருந்து சிங்களத்தில் மட்டும் பதில் வந்தால், தமிழில் தரும்படி அதே தாளின் பிரதியோடு திருப்பிக் கேளுங்கள். அரசியலமைப்பு தந்த உரிமை அது, தயவு இல்லை.

ஒரு கடிதத்துக்கு ஒரு இடம், ஒரு தொல்லை, ஒரு கோரிக்கை. சீ பட்டியல் என்றால் சபையின் செயலாளருக்கு, பிரதி தவிசாளருக்கும் உங்கள் வட்டார உறுப்பினருக்கும். ஏ, பீ என்றால் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்துக்கு. எங்கே என்று தெரியாவிட்டால் பிரதேச செயலகத்தில் சுற்றாடல் உத்தியோகத்தரைக் கேளுங்கள். அகழ்வு என்றால் சுரங்கப் பணியகத்துக்கும் ஒன்று. எல்லாவற்றிலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு ஒரு பிரதி. கிராம அலுவலரிடம் கொப்பியைக் காட்டிக் கையெழுத்து வாங்கினால் பிறகு உதவும்.

"புகையால் அவதிப்படுகிறோம், கருணை காட்டுங்கள்" என்று எழுதாதீர்கள். இந்தப் பழக்கம் முகாம் காலத்தில் எங்களுக்கு ஒட்டிக்கொண்டது, உரிமத்தைப் பற்றிக் கேட்பதற்குக் கருணை எதற்கு? இப்படி எழுதுங்கள்: "உரிமத்தின் 7ஆம் நிபந்தனைப்படி மாலை 6 மணிக்குப் பின் இயக்கக்கூடாது. இணைத்துள்ள பதிவின்படி ஆனி மாதத்தில் 11 நாட்கள் இரவு 9 மணி வரை இயக்கப்பட்டது. களப் பரிசோதனை செய்து முடிவை எழுத்தில் அறியத் தரவும்." நிபந்தனை இலக்கமும் நாட்களும் உங்களுடைய தாளில் உள்ளபடி. கையெழுத்து ஐந்து வீடு போதும், ஆனால் ஐந்தும் தூசு விழுகிற வீடாக இருக்க வேண்டும். ஐம்பது கையெழுத்து வைத்து அதில் முப்பது அடுத்த ஊர் என்றால் யாரும் மதிக்கமாட்டார்கள். பெயர் இல்லாத மொட்டைக் கடிதம் வேண்டவே வேண்டாம். பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைக் கொப்பியில் ஒட்டுங்கள்.

2023 பங்குனியில் சபைகளின் காலம் முடிந்து, 2025 வைகாசித் தேர்தல் வரை தெரிவான உறுப்பினர்கள் இல்லாமல் செயலாளர்கள்தான் நடத்தினார்கள். அந்த இரண்டு வருஷக் கோப்புகளை இப்போதைய உறுப்பினர் பார்த்திருக்கமாட்டார். அவரைக் குற்றம் சொல்லாமல் உரிமத்தின் பிரதியை அவருடைய கையில் கொடுங்கள். சபைக் கூட்டத்தில் அவர் எழும்பிக் கேட்டால் கூட்டறிக்கையில் ஏறும். நீங்களும் பார்வையாளராகப் போய் இருக்கலாம். முதல் நாள் செயலாளரிடம் சொல்லிவிட்டுப் போவது மரியாதை.

வந்து பார்க்கிற நாள்

பரிசோதனை நாளில் ஆலை நின்றுவிடும். வீதிக்குத் தண்ணீர் அடித்திருப்பார்கள், டிப்பருக்கெல்லாம் புதுப் படங்கு. கோபம் வரும், அடக்குங்கள். வந்தவரைக் கிணற்றடிக்கும் வாழைத் தோட்டத்துக்கும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு நாள் தண்ணீர் அடித்து வீதியைக் கழுவலாம், வாழையிலையின் நடு நரம்போரம் படிந்த சாம்பலைக் கழுவ முடியாது. கிணற்று மதிலின் உட்பக்கமும் அப்படித்தான். பிள்ளைகளுக்கு இருமல் என்றால் கிளினிக் கொப்பியை எடுத்து வையுங்கள். ஐந்து பேருக்கு மேல் கூட வேண்டாம். கூட்டம் கூடினால் வந்தவர் பொலிஸைக் கூப்பிடுவார், அன்றைய கதை தூசில் இருந்து கூட்டத்துக்கு மாறிவிடும்.

எங்கள் சபையில் தூசு அளக்கிற கருவி இல்லை. ஆகவே "அளந்து தாருங்கள்" என்று சண்டை பிடிக்காமல், அளவீடு எடுக்கும்படி அதிகாரசபையைக் கேட்கச் சொல்லி எழுத்தில் கோருங்கள். போகுமுன் அவருடைய பெயர், பதவி, வந்த நேரம் கொப்பியில்.

அசையாவிட்டால்

ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் நினைவூட்டல் கடிதம், பழைய துண்டின் இலக்கத்தோடு. பிறகு உள்ளூராட்சி உதவி ஆணையாளர். சபை உரிமம் வழங்குவது அதிகாரசபை ஒப்படைத்த அதிகாரத்தில் என்பதால், சபையைப் பற்றி அதிகாரசபைக்கும் எழுதலாம். புத்தளத்தில் இருப்பவருக்கு மாகாண சுற்றாடல் அதிகாரசபை என்று தனியாக ஒன்று உண்டு, வடமேல் மாகாணம் 1990இலேயே தனக்கென நியதிச்சட்டம் செய்துகொண்டது. மன்னாரின் தெற்கு எல்லையில் இருக்கிற முசலி தாண்டினால் சட்டமே வேறு. வடக்கில் நாங்கள் அதைச் செய்யவில்லை, ஏன் என்று மாகாண சபைக்குப் போனவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

நீதிமன்ற வழியில் சனம் அதிகம் அறியாத ஒன்று, 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவு. பொதுத் தொல்லையை அகற்றும்படி நீதவான் நிபந்தனைக் கட்டளை போடலாம். பொலிஸ் அறிக்கை மூலமாகவோ வேறு தகவல் மூலமாகவோ அது அவர் முன்னால் போகலாம். இதற்கு ஒரு சட்டத்தரணியோடு கதைப்பது நல்லது, அப்போது உங்கள் கொப்பிதான் சாட்சி. 

பெரிய வழக்குக்கு எங்களுக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. சுன்னாகத்தில் அனல்மின் நிலைய எண்ணெய் கிணறுகளில் கலந்த விவகாரத்தில், உயர் நீதிமன்றம் 2019 சித்திரையில் அந்த மின் கொம்பனி 2 கோடி ரூபா கட்ட வேண்டும் என்று தீர்த்தது. கடலுக்கடியில் துளைத்த எண்ணெய் இல்லை அது, நிலத்தில் நின்ற மின் நிலையத்து எண்ணெய். கிணற்றுத் தண்ணீர் மணத்ததில் இருந்து தீர்ப்பு வரை வருஷக்கணக்கு.

கொலராடோக்காரரின் ஆலைக்கு உரிமம் இருந்தது, பீ பட்டியலில். புகைக்கூண்டில் சாம்பல் பிடிக்கிற தொட்டி வைக்க வேண்டும் என்று நிபந்தனையும் இருந்தது, தொட்டி மட்டும் இல்லை. கடிதம் போய், பரிசோதனை வந்து, ஆவணியில் தகரத்தில் ஒன்று செய்து பூட்டினார்கள். முழுக்கப் பிடிக்கவில்லை, சோழகத்தில் இன்னும் கொஞ்சம் விழுகிறது. உரிமம் முடிகிற திகதியை அவருடைய கலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறோம். அதற்கு மூன்று மாதத்துக்கு முன்னம், புதுப்பிக்க விண்ணப்பிக்கிற நேரத்தில், அடுத்த கடிதம் போகும். அதுவரைக்கும் வெள்ளை ஓடு அவருடைய கோழிக்கூட்டுக்கு மேலேயும் இருக்கிறது.